கணப்படுப்பு மூட்டும் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலையுதிர் காலத்து வார இறுதிகளில் வீட்டைவிட்டு வெளியே போகவே மனம் வராது. காலையில் தரையில் கால் வைத்தால் சில்லென்கிறது. மதியம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. நாலு மணிக்கு மேல் மறுபடி குளிர் இறங்கிவிடுகிறது. கோடை முழுக்கச் சும்மா கிடந்த கணப்படுப்பின் பக்கம் பார்வை போவது இப்போதுதான். இரும்பு உடலும் கண்ணாடிக் கதவும் புகைபோக்கியும் கொண்ட விறகுக் கணப்படுப்பு வைத்திருப்பவர்கள் இந்தப் பருவத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கணப்படுப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இரண்டுதான்: விறகில் ஈரம், காற்றை அடைத்து அடக்கிவைத்த நெருப்பு. அதனால் பதில்கள் பல இடங்களில் இந்த இரண்டையே சுற்றி வரும்.

முதல் நெருப்பை எப்போது மூட்டலாம்?

நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்ட பிறகும் குளிர்கிறது என்றால் மூட்டலாம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். புகைபோக்கிக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக, அதனால் லேசாக இருப்பதால்தான் புகை மேலே போகிறது. வெளியே 14, 15 டிகிரி இருக்கும் மிதமான நாளில் இந்த வித்தியாசம் குறைவு, இழுப்பும் மந்தம். கடுங்குளிரில் நன்றாக எரியும் அடுப்புகூட இப்போது புகைவது இதனால்தான். ஆகவே வெயில் இருக்கும்போதே மூட்டாமல், வெளியே குளிர் இறங்கும்வரை காத்திருங்கள்.

அப்புறம், இந்தப் பருவத்தில் நெருப்பு சின்னதாக இருக்கட்டும். சின்னதாக, ஆனால் பளிச்சென்று. பெரிய கட்டைகளைத் திணித்துவிட்டு, அறை கொதிக்கிறதே என்று காற்றை அடைப்பதைவிட, இரண்டு மூன்று மெல்லிய விறகுப் பிளவுகளை ஜோராக எரித்து அப்படியே அணையவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

மூட்டுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் புகைபோக்கி. ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்ய வேண்டும். அதற்குச் சரியான நேரம் குளிர்காலம் தொடங்குவதற்கு முந்தைய இந்த வாரங்கள்தான். நிறைய எரிப்பவர்கள் நடுவில் இன்னொரு முறையும் செய்ய வேண்டியிருக்கும். கரி மட்டும் பிரச்சினையில்லை. வசந்தத்திலும் கோடையிலும் பறவைகள் புகைபோக்கியில் கூடு கட்டிவிடும். சுள்ளியும் பாசியும் அடைத்த கூடு ஒன்று போதும், புகை முழுவதும் அறைக்குள் திரும்பிவிடும்.

அடுத்து கதவு. அதன் விளிம்பில் கயிறு போன்ற ஒரு அடைப்பு ஓடும். அது தளர்ந்தால் வேண்டாத காற்று உள்ளே புகுந்து நெருப்பு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் கயிறு மாற்றும் நேரம் வந்துவிட்டது. கதவைச் சுற்றி நாலைந்து இடங்களில் இப்படிச் சோதியுங்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது சகஜம். கயிற்றை நீங்களே மாற்றலாம். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் புதுக்கயிறு வைத்து, வெப்பம் தாங்கும் பசையால் ஒட்டினால் வேலை முடிந்தது.

உள்ளே பக்கங்களில் இருக்கும் தீச்செங்கற்களையும் பாருங்கள். மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். துண்டு பெயர்ந்து பின்னாலுள்ள இரும்பு தெரிந்தால்தான் மாற்ற வேண்டும். மேலே இருக்கும் தடுப்புத் தகட்டின் முதுகில் கரியும் சாம்பலும் குவிந்திருக்கும், அதையும் கழற்றித் தட்டிவிடுங்கள். பலரும் மறக்கும் இடம் இது. கண்ணாடியில் விரிசல் இருந்தால் மாற்றும்வரை அடுப்பைத் தொட வேண்டாம்.

புகைபோக்கியை நானே சுத்தம் செய்யலாமா?

நேராக, எளிதில் எட்டக்கூடியதாக இருக்கும் குழாயை அளவான தூரிகையும் வளையக்கூடிய கம்பும் வைத்து நீங்களே தேய்க்கலாம். ஆனால் பழைய செங்கல் புகைபோக்கி, வளைவுகள் உள்ள குழாய், பல காலம் பயன்படாமல் கிடந்தது என்றால் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். அவர் கரியை எடுப்பதோடு விரிசல், கசிவு, கழன்ற இணைப்பு எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். பல நாடுகளில் அவர் தரும் சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பதும் உண்டு.

விறகு காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். வெட்டிய உடனே பல மரங்களின் எடையில் பாதியளவு தண்ணீராகவே இருக்கும். எரிக்கத் தகுந்த விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த நிலைக்கு வந்த ஒரு கிலோ விறகில் சுமார் 4 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. விறகில் இருக்கும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் ஆவியாக்க ஏறக்குறைய 0.7 கிலோவாட் மணி செலவாகும். பச்சை விறகை எரிப்பவர் தன் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தண்ணீர் காய்ச்சிப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்புகிறார். நஷ்டம் அதோடு முடிவதில்லை. நெருப்பின் சூடு குறைவதால் விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுதாக எரியாமல் புகையாகப் போகின்றன.

விறகு சூடாகி 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அதிலிருந்து வாயுக்கள் நிறையக் கிளம்பும். அவை நன்றாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். விறகின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் நீண்ட மஞ்சள் சுடர் அந்த வாயு எரிவதுதான். சுடர் இல்லாமல் புகை மட்டும் வந்தால் உங்கள் விறகின் நல்ல பாதி வானத்துக்குப் போகிறது என்று அர்த்தம்.

ஈரத்தை அளக்க இரண்டு ஊசிமுனை கொண்ட சின்ன ஈரமானி கிடைக்கிறது, விலை அதிகமில்லை. வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்துங்கள். கருவி இல்லாவிட்டால் கண்ணும் காதும் கையும் இருக்கின்றன. காய்ந்த கட்டை கைக்கு லேசாக இருக்கும். முனைகளில் விரிசல் ஓடியிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’பென்று சொல்லும். எரியும்போது முனையில் நுரை கட்டி ‘உஸ்’ஸென்று சத்தம் வந்தால் இனி சோதிக்க ஒன்றுமில்லை, அது ஈர விறகுதான்.

எந்த மரம் நல்லது? பைன் மரத்தை எரிக்கக் கூடாது என்கிறார்களே?

எடைக்கு எடை பார்த்தால், ஒரே அளவு காய்ந்த எல்லா மரங்களும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தையே தரும். பிசின் உள்ள மென்மரங்கள் ஒரு துளி கூடுதலாகவே தரும். வித்தியாசம் அடர்த்தியில் இருக்கிறது. ஓக், பீச் போன்ற வன்மரங்கள் அடர்த்தியானவை. அதனால் அதே இடத்தில் அதிக எடை அடங்கும், நேரம் நின்று எரியும், நல்ல தணல் விடும். பைன், ஸ்ப்ரூஸ் விரைவாகப் பற்றி விரைவாக முடியும். பைன் புகைபோக்கியைக் கெடுக்கும் என்ற பயம் ஈரமான பைனுக்குத்தான் பொருந்தும். ஈரமான ஓக்கும் அதே அளவு கெடுக்கும். இலையுதிர் காலத்துக்குக் காய்ந்த மென்மரம் மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. ஒரு மணி நேரம் வீட்டின் சில்லிப்பு போனால் போதும் என்ற நாளில் இரவெல்லாம் நிற்கும் தணல் யாருக்கு வேண்டும்?

பெயின்ட் அடித்த மரம், பூச்சி மருந்து ஏற்றிய வேலிக்கட்டை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், வழவழப்பான வண்ணத்தாள் எதையும் போடாதீர்கள். பழைய பதப்படுத்திய மரங்களில் ஆர்செனிக் இருக்கலாம். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையும் வேண்டாம். அதிலுள்ள உப்பு எரியும்போது நச்சுப் பொருட்களை உண்டாக்கும், இரும்பையும் அரிக்கும்.

விறகை எங்கே அடுக்குவது?

தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்குங்கள். விறகை உலர்த்துவதில் வெயிலைவிடக் காற்றுக்குப் பெரிய பங்கு. தார்ப்பாயால் தலை முதல் கால் வரை போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பிளக்காத உருளைக்கட்டை பட்டைக்குள் ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும், அதனால் முதலில் பிளந்துவிடுங்கள். பிளந்து அடுக்கிய பிர்ச், ஆஷ் போன்றவை ஒரு கோடை முழுதும் நன்றாகக் காற்றுப்பட்டால் பெரும்பாலும் தயாராகும். ஓக்குக்கு இரண்டு ஆண்டுகள் கொடுங்கள். இன்றைக்கு வாங்கும் பச்சை விறகு அடுத்த குளிர்காலத்துக்கானது, இந்தக் குளிர்காலத்துக்கு அல்ல.

வாரக் கடைசிக்கு வேண்டிய விறகை ஓரிரு நாள் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். மேற்பரப்பு ஈரம் போய்விடும், குளிர்ந்த கட்டை நெருப்பின் சூட்டைக் குறைப்பதும் தவிரும். ஆனால் அடுப்பை ஒட்டி அடுக்க வேண்டாம்.

கீழிருந்து பற்றவைப்பதா, மேலிருந்தா?

மேலிருந்து. கீழே காகிதம், மேலே சுள்ளி, அதற்கு மேல் கட்டை என்று பழகிய கைக்கு இது விசித்திரமாகத் தோன்றும், ஒரு முறை செய்து பாருங்கள். அடியில் இரண்டு நடுத்தரக் கட்டைகளைச் சின்ன இடைவெளி விட்டு வையுங்கள். அவற்றுக்குக் குறுக்கே விரல் தடிமன் பிளவுகள் ஒரு வரிசை. அதன் மேல் மறுபடி குறுக்காக இன்னும் மெல்லிய சுள்ளிகள் இரண்டு மூன்று வரிசை. உச்சியில் மரச்சீவலும் மெழுகும் கலந்த பற்றவைப்புத் துண்டு ஒன்று. காற்றுவழிகளை முழுதாகத் திறந்துவிட்டுக் கொளுத்துங்கள்.

இதன் நன்மை எளிது. கீழிருந்து பற்றவைத்தால் மேலே இருக்கும் குளிர்ந்த கட்டைகள் சூடேறி வாயுவை விடும்போது அதை எரிக்கச் சுடர் அங்கே இருக்காது, புகைதான் கிளம்பும். மேலிருந்து பற்றவைத்தால் கீழ்க்கட்டையிலிருந்து எழும் வாயு சுடர் வழியாகத்தான் போயாக வேண்டும். புகைபோக்கியும் முதல் நிமிடத்திலேயே சூடாகிறது. கட்டை சரிந்து கண்ணாடியில் விழும் தொல்லையும் இல்லை.

கட்டைகள் முனை வரை பற்றிக்கொண்டதும் கீழ்க்காற்றை மூடிவிட்டு, கண்ணாடிக்கு மேலிருந்து வரும் காற்றால் எரியவிடுங்கள். விறகுக்கு மேல்காற்றுதான் ஏற்றது. கதவைச் சற்றே திறந்து வைத்து மூட்டும் பழக்கம் சில அடுப்புகளுக்குத் தேவைப்படும். அப்படியானால் அது முடியும்வரை அங்கேயே இருங்கள். மறுபடி விறகு போடும் நேரம், சுடர் அடங்கித் தணல் சிவந்து கிடக்கும்போது. ஒரேயொரு கட்டை தனியாகச் சரியாக எரியாது, இரண்டாகப் போடுங்கள். 5 கிலோவாட் அடுப்பு ஒன்று அதன் முழு வெப்பத்தைத் தர மணிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ விறகு போதும். அதைவிட அதிகமாகத் திணித்தால் அடுப்பையே வருத்துகிறீர்கள்.

மூட்டியதும் புகை அறைக்குள் வருகிறது. என்ன செய்ய?

பெரும்பாலும் புகைபோக்கிக்குள் குளிர்ந்த கனமான காற்று அடைத்துக்கொண்டு நிற்பதுதான் காரணம். வீட்டுக்கு வெளிச்சுவரில் நிற்கும் புகைபோக்கியில் இது அதிகம். ஒரு காகிதத்தை முறுக்கிக் கொளுத்தி, அடுப்பின் மேல்பகுதியில், குழாய் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபட்டால் வழி திறந்துவிட்டது, அப்புறம் மூட்டலாம். அது இழுபடாமல் உங்கள் பக்கம் சாய்ந்தால் அருகிலுள்ள ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள். இன்றைய வீடுகள் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டப்படுகின்றன. உள்ளே காற்று வராமல் வெளியே காற்று போகாது.

சமையலறையின் புகை உறிஞ்சும் விசிறி ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது புகைபோக்கி வழியாகக் காற்று கீழே இறங்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் புகைகிறது என்றால் குழாயில் அடைப்பு இருக்கலாம். நெருப்பை நிறுத்திவிட்டு ஆளை வரவழையுங்கள்.

கண்ணாடி ஏன் கறுத்துப்போகிறது?

ஈர விறகு, அல்லது காற்று போதவில்லை. நன்றாக எரியும் அடுப்பில் மேல்காற்று கண்ணாடியை ஒட்டி இறங்கி அதைத் துடைத்துக்கொண்டே இருக்கும். கறுப்பை எடுக்க, அடுப்பு முழுதாக ஆறிய பிறகு, ஈரமான செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேயுங்கள். மென்மையான சாம்பலாகப் பார்த்து எடுங்கள், கரித்துண்டு இருந்தால் கீறிவிடும். ஒரு ஓரம் மட்டும் கறுத்தால் அந்தப் பக்கக் கதவுக்கயிற்றைச் சந்தேகப்படுங்கள்.

இரவு நிறைய விறகைப் போட்டுக் காற்றை அடைத்துவிட்டால் காலை வரை சூடு நிற்குமே?

நிற்கும். ஆனாலும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். காற்று கிடைக்காத விறகு எரியாது, கருகிப் புகையும். அந்தப் புகை மெதுவாக மேலே போகும்போது குழாயின் சூடு 120 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால், அதிலுள்ள தாரும் நீராவியும் குழாய்ச் சுவரில் படியும். கிரியோசோட் என்ற இந்தப் பிசுக்குதான் புகைபோக்கித் தீக்கு எரிபொருள். முதலில் உதிரும் கரியாக இருக்கும். அடக்கி எரிப்பது தொடர்ந்தால் பளபளப்பாக இறுகி, தூரிகையால் எடுக்க முடியாத பூச்சாகிவிடும். புகைக்குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் எந்த நிலையில் எரிக்கிறீர்கள் என்று கண்முன்னே தெரியும்.

இரவுச் சூட்டுக்கு வேறு வழி உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில் விறகுத் தட்டுப்பாடு வந்தபோது, கார்ல் யோஹான் க்ரோன்ஸ்டெட், ஃபாபியன் வ்ரேடெ என்ற இருவர் 1767இல் ஓடு பதித்த புதுவகை அடுப்பை வடிவமைத்தார்கள். அதில் புகை நேராக மேலே போகாமல், செங்கல்லுக்குள் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகும். கொஞ்ச நேரம் மூர்க்கமாக எரித்தால், செங்கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பல மணி நேரம் விட்டுக்கொண்டிருக்கும். இரும்பு அடுப்பில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. ஆனால் வெப்பம் சேமிக்கும் கற்கள் பதித்த அடுப்புகள் இன்று கிடைக்கின்றன. அவை இல்லாதவர்கள் மாலையில் நன்றாக எரித்து, அறையின் சுவரும் தரையும் சூடானதும் அறைக் கதவுகளை அடைத்துத் தூங்கப் போகலாம்.

வார இறுதியில் மட்டும் மூட்டினால் போதுமா?

தாராளமாக. வாரம் முழுதும் குளிர்ந்து கிடந்த அறையின் சுவர்கள் சூடாக நேரம் எடுக்கும் என்பதால் சனிக்கிழமை மூட்டியதும் உடனே சூடு தெரியாது, பொறுமையாக இருங்கள். நெருப்பில்லாத நாட்களில் காற்றுவழிகளை மூடி வைத்தால் அறையின் சூடு புகைபோக்கி வழியாகப் போகாது.

கார்பன் மோனாக்சைடு பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டுமா?

ஆம். அது நிறமோ மணமோ இல்லாத வாயு. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஆரம்பிக்கும், சளி காய்ச்சல் என்று எண்ணிப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. அடுப்பு இருக்கும் அறையில் இதற்கென உள்ள எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துங்கள், பொதுவாக அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தூரத்தில். புகையைக் கண்டுபிடிக்கும் கருவி இதைக் கண்டுபிடிக்காது, இரண்டும் வேண்டும். கருவியின் முதுகில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். அது அலறினால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். காரணத்தை வெளியே நின்று யோசிக்கலாம்.

விறகுப் புகை உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

கெடுதல்தான். இதை மறைத்துப் பேசக் கூடாது. விறகுப் புகையில் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் இருக்கின்றன. அவை நுரையீரலின் ஆழம் வரை போகும். உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஓர் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. காய்ந்த விறகு, மேலிருந்து மூட்டுவது, தாராளமான காற்று என்று கவனமாக எரித்தால் புகை பெருமளவு குறையும், ஆனால் முற்றாகப் போய்விடாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவருடைய வசதியே முதலில். மூட்டிய கால் மணி நேரத்துக்குப் பிறகு வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். கண்ணுக்குப் புகையே தெரியாத அளவில் இருக்க வேண்டும். காற்றே அசையாத, புகை தாழ்ந்து நிற்கும் மாலைகளில், வேறு வெப்ப வசதி இருந்தால், மூட்டாமல் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் மூச்சு விடுகிறார்கள்.

புது அடுப்பில் பெயின்ட் நாற்றம் வருகிறது, சரியா?

சரிதான். வெப்பம் தாங்கும் பெயின்ட் முதல் சில நெருப்புகளில்தான் இறுகுகிறது. சின்னச் சின்ன நெருப்பாக மூட்டி, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அந்த நேரத்தில் மேற்பரப்பைத் தொடாதீர்கள், பெயின்ட் மென்மையாக இருக்கும். பழைய அடுப்பிலும் முதல் நாள் கொஞ்சம் வாடை வரலாம், அது கோடையில் படிந்த தூசு எரிவது.

அடுப்புக்குப் பக்கத்தில் துணி காயப்போடலாமா?

தூரமாக. துணி, சோபா, விறகுக்கூடை எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளியிருக்கட்டும். சுவருக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை அடுப்பின் கையேடு சொல்லும், அதுதான் கடைசி வார்த்தை. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் சுவரோடு பிணைத்த கம்பித் தடுப்பு கட்டாயம். கண்ணாடியின் சூடு நெருப்பு அணைந்த பிறகும் வெகுநேரம் இருக்கும்.

புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால்?

குழாயிலிருந்து இடைவிடாத உறுமல் கேட்கும், வெளியே பொறி பறக்கும். உள்ளே சூடு 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும். அடுப்புக் கதவையும் எல்லாக் காற்றுவழிகளையும் மூடுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. திடீர் நீராவியும் குளிர்ச்சியும் குழாயையும் அடுப்பையும் பிளந்துவிடும். தீ தானாக அடங்கிவிட்டாலும், புகைபோக்கியைச் சோதித்து முடிக்கும்வரை மறுபடி மூட்டாதீர்கள்.

சாம்பலை எப்போது அள்ளுவது, எங்கே கொட்டுவது?

தினமும் துடைத்தெடுக்க வேண்டியதில்லை. விறகு சாம்பல் மெத்தையின் மேல்தான் நன்றாக எரியும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுவிட்டு மிச்சத்தை அள்ளுங்கள். அள்ளும் பாத்திரம் உலோகமாக, மூடியோடு இருக்க வேண்டும். சாம்பலுக்குள் புதைந்த கங்கு சில நாட்கள்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ அட்டைப் பெட்டியிலோ கொட்டி வீட்டோரமாக வைத்ததால் எரிந்துபோன வீடுகள் உண்டு. பாத்திரத்தை வெளியே, வீட்டையும் விறகடுக்கையும் விட்டுத் தள்ளி, கல் தரையில் வையுங்கள்.

நன்றாக ஆறிய சுத்தமான விறகுச் சாம்பலில் கால்சியமும் பொட்டாசியமும் இருப்பதால் தோட்டத்துக்கு ஆகும். ஆனால் அது காரத்தன்மை மிகுந்தது, மண்ணின் அமிலத்தைக் குறைத்துவிடும். புளூபெர்ரி, அசேலியா போன்ற அமில மண் கேட்கும் செடிகளுக்குப் போடாதீர்கள். மற்றவற்றுக்கும் மெல்லியதாகத் தூவினால் போதும், காற்றில்லாத நாளில், கையுறை போட்டுக்கொண்டு.